கண்மாய்ச் சிறப்பிதழுக்கு அட்டை: புகைப்படம், வெறும் எழுத்து, லினோ, கடைசியில் கல்யாணப் பத்திரிகை அச்சு

வேலை இதுதான்: மதுரையிலிருந்து வரும் ஒரு சின்னக் காலாண்டிதழுக்கு அட்டை வடிவமைக்க வேண்டும். டெம்மி 1/8 அளவு, அதாவது 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். உள்ளே 64 பக்கம் மேப்லித்தோ தாள், நடுவில் பின் அடித்த சென்டர் பின் கட்டு, 300 பிரதி. தனிச்சுற்று இதழ் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை, பெயரின் கடைசி எழுத்து 'லை' என்பது மட்டும் தெரிந்தால் போதும், அந்த 'லை'யைப் பற்றிக் கீழே கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது. இந்த முறை கண்மாய்ச் சிறப்பிதழ், அதாவது எங்கள் பக்கத்து ஏரி, குளங்களைப் பற்றியது. ஆசிரியர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை: "வெடிச்சுக் கெடக்குற மண்ணு படம் மட்டும் வேண்டாம்ப்பா. தண்ணியப் பத்தி யார் என்ன எழுதுனாலும் அதத்தான் எடுத்துப் போடுறாங்க."

நியாயமான கோரிக்கை. மற்றபடி உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

படம் தேடப் போவதற்கு முன்னால் நான் பார்த்தது, இந்த அட்டை எங்கே கண்ணில் படும் என்பதைத்தான். வார இதழ்கள் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டு ஒன்றின்மேல் ஒன்று சரிந்து தொங்கும், பாதிக்கு மேல் பக்கத்து இதழ் மறைத்துவிடும். அதனால்தான் அவர்கள் பெயரை உச்சியில் பட்டையாகப் போடுகிறார்கள், அதற்குக் கீழே தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு முகம் வைக்கிறார்கள். நம்ம இதழ் எந்தப் பெட்டிக்கடையிலும் தொங்கப் போவதில்லை. தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடந்தால் மேசையில் படுத்துக் கிடக்கும், ஆள் நின்றபடி மேலிருந்து குனிந்து பார்ப்பார். மிச்சப் பிரதிகள் தபாலில் போகும். இது போக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தரம் வந்து போகும். இந்த மூன்று இடத்திலும் முகம் தேவையே இல்லை, வாசிக்கிற எழுத்துதான் தேவை. கடைத்தெருவுக்காக உண்டான விதிகளை அப்படியே தூக்கி வந்து சிறுபத்திரிகைக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் புகைப்படம். அதுதான் சுலபம், செலவும் இல்லை. காலையில் வண்டியூர்க் கண்மாய்க் கரை, இன்னொரு நாள் மாடக்குளம், போனிலேயே எடுத்தேன். போன் கேமரா அட்டைக்குத் தாங்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், தாராளமாகத் தாங்கும். டெம்மி 1/8 முன்னட்டைக்குச் சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (ஓரம் வெட்டும்போது போகிற கூடுதல் படம்) விட்டு, 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் சுமார் 1720-க்கு 2620 பிக்சல் வரும், 12 மெகாபிக்சல் படம் 3000-க்கு 4000. வெட்டி ஒதுக்கினாலும் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிவிட்டால் மட்டும் அது படத்தைச் சுருக்கிவிடும், பிரெஸ்ஸில் திறந்தால் ஓரமெல்லாம் கசங்கி நிற்கும். டாக்குமென்ட் ஆக அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அட்டைப் படம் எடுக்கும்போது நல்ல படமாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட, மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். இதழின் பெயர் உட்கார இடம் வேண்டுமே. விடிந்தும் விடியாத நேரத்து வானம் அதற்கு நல்லது, மேகம் திட்டுத்திட்டாக இருந்தால் எழுத்து பாதி வெளிச்சத்திலும் பாதி இருட்டிலும் விழுந்து, கறுப்பும் நிற்காது, வெள்ளையும் நிற்காது. கண்மாய் என்பது வேறு குறுக்காகக் கிடக்கிற சமாச்சாரம். கரையும் நீரும் அகலமாகப் பரவிக் கிடக்கும், அட்டை நெட்டுக்குத்தலாக நிற்கும். 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் இதே சிக்கலுக்காக கீஸா பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்து, அப்புறம் பல வருஷம் அதற்காகத் திட்டு வாங்கினார்கள். எனக்கும் ஒரு படத்தில் இரண்டு மடைத்தூணையும் (கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் மடையின் கல்தூண்) கொஞ்சம் நெருக்கி வைக்கலாமா என்று கை அரித்தது. கண்மாயின் கணக்கைப் பேசுகிற இதழில் மடையை நகர்த்துவது சரிப்படாது என்று விட்டுவிட்டேன்.

படம் தோற்ற இடம் வேறு. கண்மாய் முழுக்க ஆகாயத்தாமரை. திரையில் பச்சை பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. ஒரு பிரிண்ட் எடுத்துத் தெருமுனை டீக்கடையில் வைத்து, எதுவும் சொல்லாமல் காட்டினேன். டீ ஆற்றிக்கொண்டே அண்ணன் கேட்டார்: "எந்த கிரவுண்டு தம்பி இது? மழைக்குப் பெறகு எடுத்ததா?" அதோடு முடிந்தது. தண்ணீர் தெரியாத கண்மாய்ப் படம் புல்வெளிதான். அடைபட்ட கண்மாயைப் பற்றி உள்ளே ஒரு நல்ல கட்டுரை இருக்கிறது, இந்தப் படம் அந்தக் கட்டுரையின் பக்கத்தில், கீழே இரண்டு வரி விளக்கத்தோடு வந்தால் வேலை செய்யும். அட்டையில் விளக்கம் போட இடமில்லை.

அந்தப் பச்சை அச்சில் வராது என்பதும் இருக்கிறது. போன் திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு இயந்திரம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையைத் தாளில் பரப்பிக் காட்டுகிறது. கிளிப்பச்சையும் மின்னும் நீலமும் அந்த நாலு மைக்கு எட்டவே எட்டாது, கொஞ்சம் அழுக்கேறித்தான் இறங்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் கட்டி வருகிற பச்சைப் பட்டுத்துணியை போட்டோ எடுத்து மல்டிகலரில் அடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தனி மை கலந்து ஐந்தாவது பிளேட் (நிறத்துக்கு ஒன்றாக வைக்கும் அச்சுத் தகடு) போட்டால் நெருங்கலாம், 300 பிரதிக்கு யார் அந்தச் செலவு செய்வது?

சரி, படம் வேண்டாம், எழுத்தை மட்டும் வைத்துப் பார்ப்போம் என்று அடுத்து இறங்கினேன். இதற்கு உலகம் முழுக்க முன்மாதிரி உண்டு. டைம் பத்திரிகை 1966 ஏப்ரல் 8 இதழில் கறுப்பு மேல் சிவப்பு எழுத்தில் 'கடவுள் இறந்துவிட்டாரா?' என்ற கேள்வியை மட்டும் அட்டையாகப் போட்டது, அந்தப் பத்திரிகை படமே இல்லாமல் போட்ட முதல் அட்டை அது. எதிர்ப்பக்கம் நியூயார்க்கர் பத்திரிகை, 1925-இல் தொடங்கியதிலிருந்து அட்டைக்கு அநேகமாக எப்போதும் ஓவியம்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் ஒரு வரி கூடக் கத்தாது. நம் ஊரிலும் இந்த இரண்டு புத்தியும் உண்டு. பாரதியின் 'இந்தியா' பத்திரிகை முகப்பிலேயே கருத்துப்படம் போட்டு அரசியல் பேசியது, ஆனந்த விகடன் வருஷக்கணக்காக அட்டைக்கே ஜோக் போட்டது, ஓவியர் கோபுலு வரைந்த அட்டைகளைப் பார்த்துவிட்டுத்தான் பலர் உள்ளே புரட்டினார்கள். சிறுபத்திரிகைக்காரர்கள் பாதிப் பேர் காசில்லாமல் எழுத்தையும் கோட்டையும் வைத்தே ஒப்பேற்றினார்கள், அதில் ஒரு அழகும் வந்துவிட்டது.

இங்கேதான் அந்த 'லை'. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் லை, ளை, ணை, னை நான்கும் யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடு அச்சாகும். இதழின் பெயரை அந்தப் பழைய வடிவில் வரைந்து பார்த்தால் பிரமாதமாக இருக்கிறது. கடைசி எழுத்திலிருந்து ஒரு வளைவு எழும்பி மொத்தப் பெயருக்கும் மேல் கூரை போட்டுக்கொண்டு திரும்புகிறது. ஐயாவுக்கு ஒரே சந்தோஷம், அவர் படித்த காலத்து எழுத்து. ஆனால் அந்தத் துதிக்கை இதழ்ப் பெயருக்கு வேண்டிய உயரத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது. பக்கத்து வீட்டில் எட்டாவது படிக்கிற பாப்பா அதைப் பார்த்துவிட்டு "கடைசியில என்ன எழுத்துண்ணே?" என்று கேட்டது. நூலகத்தில் பிள்ளைகள் எடுத்துப் படிக்கட்டும் என்று நடத்துகிற இதழில் பெயரே தடுக்கினால் எப்படி? புதிய 'லை'தான் என்று முடிவானது. ஐயா ஒரு நாள் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டார். பழைய வடிவம் உள்பக்கத் தலையங்கத்துக்கு மேல் சின்னதாக இருக்கிறது.

எழுத்துருவுக்கு ரொம்ப அலையவில்லை. இலவசமாகக் கிடைக்கிறவற்றிலேயே இப்போது நல்லவை இருக்கின்றன: கேட்டமரான், முக்த மலர், அனெக் தமிழ், அப்புறம் நம் ஊர்ப் பெயரிலேயே ஹிந்த் மதுரை. ஹிந்த் மதுரை உள்பக்கத் தலைப்புகளுக்கு அடக்கமாக இருக்கும், அட்டையில் பெரிதாக்கினால் கொஞ்சம் அலுவலகக் கடிதம் மாதிரி ஆகிவிடுகிறது. அனெக் தமிழில் அகலத்தைக் குறைத்துக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால் தமிழ்ப் பெயர்களுக்கு அது பெரிய வசதி. தமிழ் எழுத்துகள் அகலமானவை, ஒரு பெயர் 5.5 அங்குலத்துக்குள் ஓரம் விட்டு உட்கார வேண்டும் என்றால் எழுத்தின் உயரம் தானாகக் குறைந்துவிடும். சாதாரண எழுத்துருவைப் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்குகிற பழக்கம் டி.டி.பி. கடைகளில் நிறைய உண்டு, நசுக்கினால் நெட்டுக் கோடு மெலிந்து குறுக்குக் கோடு தடித்து எழுத்து நோஞ்சானாகிவிடும். குறுகலாகவே வரைந்த எழுத்துருவை எடுப்பதுதான் முறை.

எழுத்து மட்டும் அட்டைக்கு என் யோசனை, ஊர்க் கண்மாய்களின் பெயர்களையே தண்ணீராக்குவது. மாடக்குளம், தென்கால், நிலையூர், வண்டியூர், செல்லூர், உலகனேரி என்று அட்டையின் கீழ்ப்பாதி முழுக்க பெயர்கள் இடைவெளி இல்லாமல் வரிவரியாக ஓட வேண்டும், மேலே ஒரு நேர்கோட்டில் அது முடிய வேண்டும், அதுதான் நீர்மட்டம். சொல்ல நன்றாக இருக்கிறது. செய்யும்போது தமிழ் தன் வேலையைக் காட்டியது. ஆங்கிலத்தில் எல்லாம் கேப்பிடலாகப் போட்டு வரிகளை ஒட்டி ஒட்டி அடுக்கலாம். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கியும், கீழே உகர ஊகாரச் சுழியும் இருக்கின்றன, வரிகளை நெருக்கினால் மேல்வரி 'கு'வின் வால் கீழ்வரி 'ம்'மின் புள்ளியில் போய் இடிக்கிறது. வழக்கமாக எழுத்தளவில் 130, 140 சதவீதம் வரி இடைவெளி வைத்தால்தான் தமிழுக்கு மூச்சு விட முடியும், அவ்வளவு விட்டால் அது தண்ணீராகத் தெரியாது, பட்டியலாகத் தெரியும். கடைசியில் 115-க்கு இறக்கி, இடிக்கிற இடங்களில் பெயர்களை இடம் மாற்றி மாற்றி, வாலுக்குக் கீழே வால் வராமல் புள்ளிக்கு மேலே வெற்றிடம் வருகிற மாதிரி கையால் அடுக்கினேன். ஒரு சாயங்காலம் முழுக்க அதுவே ஓடியது, உண்மையைச் சொன்னால் மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

இன்டிசைனில் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போஸர்' தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பெல்லாம் எழுத்துக்கு அப்புறம் போய் நிற்கும். பிரெஸ்ஸுக்கு அனுப்பும்போது எல்லா எழுத்தையும் கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் உருவம்) ஆக்கி அனுப்புங்கள். கோரல் டிராவில் கண்ட்ரோல் க்யூ. அங்கே இருக்கிற கணினியில் பெரும்பாலும் பழைய குறியேற்ற எழுத்துருக்கள்தான் இருக்கும், யூனிகோடு கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும், அதைப் பார்த்து அவர்களே திருப்பித் தட்டச்சு செய்யத் தொடங்கினால் பிழைக்கு யாரும் பொறுப்பில்லை.

பெயர்கள் மட்டும் இருந்த அட்டை நன்றாகத்தான் வந்தது. மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தால் வாசிக்கத் தூண்டியது, ஒவ்வொருவரும் தன் ஊர்க் கண்மாய் இருக்கிறதா என்று தேடினார்கள். போனில் நகம் அளவில் பார்த்தால் மட்டும் வெறும் சாம்பல் பட்டை. கண் போய் நிற்க ஒரு பொருள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் லினோ, அதாவது லினோலியம் ஷீட்டில் உருவத்தைக் குடைந்து மை உருட்டி எடுக்கும் அச்சு.

மாடக்குளத்தில் எடுத்த படங்களில் மடைத்தூண்கள் இருந்தன. நெட்டுக்கு இரண்டு கல், குறுக்கே பலகைக்கல், எளிமையான உருவம், கண்மாய்க்காரர்களுக்குப் பார்த்த உடனே தெரியும். அதைத் தாளில் வரைந்து லினோ ஷீட்டில் பதித்துக் குடைந்தேன். லினோ கெட்டியாக இருந்தால் உளி வழுக்கிக் கையில் ஏறும், கொஞ்சம் சூடாக்கினால் வெண்ணெயாக வெட்டுப்படும். புத்தகங்களில் இஸ்திரிப் பெட்டி வைக்கச் சொல்கிறார்கள், மதுரையில் மத்தியானம் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் போதும். பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ரோலரில் கறுப்பு மை உருட்டி, தாளை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தேன், பிரெஸ் எதுவும் தேவையில்லை. லினோவில் உருவம் இடம் வலம் மாறித்தான் விழும். ஆனால் அதை ஸ்கேன் செய்து பயன்படுத்தப் போகிறேன் என்பதால் திருப்பி வரையவில்லை, கணினியில் ஒரு கிளிக்கில் திருப்பிக்கொண்டேன். 600 டிபிஐ, கிரேஸ்கேல், அப்புறம் திரெஷோல்டு போட்டு கறுப்பு வெள்ளை மட்டும். உளி விட்ட கீறல்கள் வெள்ளைப் பகுதியில் அங்கங்கே மை பிடித்துக் கோடுகளாக விழுந்திருந்தன. சுத்தம் பண்ணத் தோன்றும், பண்ணாதீர்கள். கல்லைச் சுற்றித் தண்ணீர் அலைகிற மாதிரி இருந்தது அதனால்தான்.

இப்போது பெயர்களும் மடையும் சேர்ந்தாயிற்று, எதில் அச்சடிப்பது? 300 பிரதிக்கு நாலு பிளேட் போட்டு ஆஃப்செட் ஓட்டுவது கட்டுப்படியாகாது. டிஜிட்டலில் அடிக்கலாம், ஆனால் என் மனதில் காக்கி நிற கிராஃப்ட் போர்டும் அதன்மேல் வெள்ளை எழுத்தும் விழுந்துவிட்டது. நான் விசாரித்த டிஜிட்டல் கடைகளில் வெள்ளை மை கிடையாது, அவர்களுக்கு வெள்ளை என்றால் தாளின் நிறம். வெள்ளை மையைத் தாராளமாக அடிக்கிறவர்கள் கல்யாணப் பத்திரிகை ஸ்கிரீன் பிரிண்டிங்காரர்கள். மஞ்சள் அட்டையிலும் மெரூன் அட்டையிலும் அடித்துப் பழகியவர்கள், வெள்ளையும் தங்கமும் அவர்களுக்கு அன்றாடச் சமாச்சாரம். சிம்மக்கல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணனிடம் போனேன்.

"பத்திரிகைன்னியே, யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

"கல்யாணப் பத்திரிகை இல்லண்ணே, படிக்கிற பத்திரிகை."

கோப்பைப் பார்த்த உடனே அவர் சொன்ன முதல் விஷயம் ண, ன சுழிகளைப் பற்றி. ஸ்கிரீனில் மை வலை வழியாகப் பிதுங்கி இறங்குவதால் எல்லாக் கோடும் கொஞ்சம் தடிக்கும், சின்ன எழுத்தில் சுழிக்குள் இருக்கிற ஓட்டை அடைத்துக்கொண்டு 'ண' ஒரு கறையாகிவிடும். கண்மாய்ப் பெயர்களை நான் 11 பாயின்ட்டில் வைத்திருந்தேன், "14 ஆக்கு, எடையையும் ஒரு படி எறக்கு, மை தானா ஏத்திக்கிரும்" என்றார். எடை என்றால் எழுத்துக் கோட்டின் தடிமன். பெயர்கள் குறைந்தன, அடுக்கும் மாறியது, ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

மற்றதெல்லாம் அவர் வேலை, நான் தாளை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பாசிட்டிவ் (உருவம் கறுப்பாக விழுந்த ஒளிபுகும் தாள்), ஒரு ஸ்கிரீன் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை). வலையில் எமல்ஷன் தடவி இருட்டில் காயவைத்து, பாசிட்டிவை ஒட்டி விளக்கு காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும், கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கழுவினால் கரைந்து வழி விடும். முதலில் வெள்ளை, அது காய்ந்த பிறகு கறுப்பு. மேசையில் மூலைக்கு மூலை சின்ன அட்டைத் துண்டு ஒட்டி, ஒவ்வொரு தாளையும் அதில் முட்டவைத்துத்தான் ரிஜிஸ்டர், அதாவது இரண்டு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் பொருந்துவது. அப்படியும் அரை மி.மீ. அங்கிட்டு இங்கிட்டு போகும். அதற்கு இடம் கொடுத்தே வடிவமைப்பில் மடைத்தூண் நிற்கும் இடத்தில் வெள்ளை எழுத்தை வெட்டி எடுக்காமல் அப்படியே ஓடவிட்டிருந்தேன், கறுப்பு அதன்மேல் ஏறி மூடிக்கொள்ளும், விலகினாலும் தெரியாது. எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது: ஸ்கிரீன் மை கனமாகப் படிவதால், கறுப்புத் தூணுக்கு அடியில் இருக்கிற பெயர்கள் லேசாகப் புடைத்துக்கொண்டு, சாய்த்துப் பிடித்தால் கல்வெட்டு மாதிரி தெரிகின்றன. கல்லில் எழுத்து என்று நான்தான் யோசித்துச் செய்ததாக ஐயா நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் மறுக்கவில்லை.

போர்டு 250 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 250 கிராம். வாங்கும்போது நார் ஓட்டம் எந்தப் பக்கம் என்று வளைத்துப் பார்த்து வாங்க வேண்டும், சுலபமாக வளைகிற திசையில்தான் மடிப்பு வர வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் நார் நாராக வெடிக்கும். கிரீசிங் (மடிப்பு வரும் இடத்தில் பள்ளக்கோடு அழுத்துவது) போட்டுத்தான் மடித்தோம். மடிப்புக்கு இரண்டு பக்கமும் 3 மி.மீ. மை இல்லாமல் விட்டிருந்தேன், வெள்ளை மை மடிப்பில் விரிசல் விடும். லேமினேஷன் போடவில்லை. கிராஃப்ட் போர்டுக்கு மேல் பிளாஸ்டிக் ஒட்டினால் காக்கி நிறம் வெல்லப்பாகு மாதிரி கறுத்துவிடும், கையில் பிடிக்கிற சொரசொரப்பும் போய்விடும். அழுக்காகுமே என்றார்கள். ஆகட்டும்.

இதழ்ப் பெயருக்குத் தனி ஸ்கிரீன் போட்டு வைத்தாயிற்று, அதைக் கழுவாமல் அண்ணன் கடைப் பரணிலேயே வைத்திருக்கிறார், அடுத்தடுத்த இதழ்களுக்கு உருவம் மட்டும் மாறினால் போதும். அடுத்தது சித்திரை இதழ். அடர்நீல போர்டு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் வெள்ளை ஒரே நிறத்தில் முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் அண்ணனிடம் மிச்சம் கிடக்கிற மெரூன் கல்யாண அட்டைதான், ஐயாவிடம் இன்னும் சொல்லவில்லை.